பழைய மாருதி 800-ஐ வீட்டிலேயே புதுப்பிக்கலாமா? ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் பின்பக்க ஷெட்டுகளிலும், பழைய வீடுகளின் போர்டிகோக்களிலும் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் மாருதி 800 கார்களை இன்றும் பார்க்க முடிகிறது. ஊர் ஏற்றுமதியில் வேகமெடுத்த 1980-களிலும் 90-களிலும் பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். விற்கவும் மனசு வராது, ஓட்டவும் முடியாது. தாத்தாவோ அப்பாவோ வாங்கிய அந்த வண்டியை, 'நாமே பிரிச்சு ரெடி பண்ணிட்டா என்ன?' என்று அடுத்த தலைமுறை இப்போது கேட்கிறது.

செய்யலாம். இந்தக் காருக்கு அது சாத்தியமும்கூட. ஆனால், வேலையை எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே அந்தக் கார் சாலைக்கு வருமா, காய்லாங்கடைக்குப் போகுமா என்பது முடிவாகும். பலர் என்ஜினில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் ஆர்.சி. அடுத்தது தகரம். என்ஜினுக்கு மூன்றாவது இடம்தான்.

ஏன் மாருதி 800?

1983 டிசம்பர் 14 அன்று டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்குக்கு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். விலை 47,500 ரூபாய். முதலில் வந்தது எஸ்.எஸ்.80 எனப்படும் பெட்டி வடிவ மாடல். 1986-இல் நாம் அதிகம் பார்த்துப் பழகிய வளைந்த வடிவம் வந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி கார்புரேட்டர் போய், எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதி அமலான சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அதற்குள் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் விற்றிருந்தன.

ஹர்பால் சிங் 2010-இல் காலமான பிறகு, அவருடைய கார் வெளியில் நின்று துருப்பிடித்துப் போனது. பிறகு அது பழைய தோற்றத்துக்கே மீட்கப்பட்டு, இப்போது மாருதி சுசுகியின் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு இருக்கிறது.

வீட்டில் வேலை பார்க்க இந்தக் கார் ஏற்றது என்பதற்குக் காரணங்கள் உண்டு. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம். என்ஜின் அறையைத் திறந்தால் எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். பழைய மாடல்களில் கம்ப்யூட்டர் பெட்டி கிடையாது. லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் பல உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. பிரீமியர் பத்மினிக்கோ, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கோ ஒரு சின்ன பாகத்தைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். 800-க்கு அந்த அலைச்சல் குறைவு. எஸ்.எஸ்.80 மட்டும் விதிவிலக்கு. அதன் பாடி பாகங்களும் கண்ணாடிகளும் அரிதாகிவிட்டன.

முதலில் பேப்பர்: ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா?

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதியானது என்று உறுதிசெய்த பிறகு, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டெல்லியில் இருப்பதுபோல '15 வருஷம் ஆனா ஓட்டக் கூடாது' என்ற தடை தமிழ்நாட்டில் தனியார் காருக்கு இல்லை. ஆனால், செலவு கூடியிருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. தாமதித்தால் கூடுதல் கட்டணம் மாதக்கணக்கில் ஏறும்.

ஆகவே, ஒரு போல்ட்டைக் கழற்றும் முன்பே பார்க்க வேண்டியவை:

* எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவின் நிலை தெரியும். 'ரத்து' என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.
* ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் காரில் பொறித்திருப்பவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எப்போதோ என்ஜினை மாற்றிவிட்டு ஆர்.சி.யில் பதியாமல் விட்ட வண்டிகள் இங்கேதான் மாட்டும்.
* பழைய கடன் கட்டி முடித்திருந்தாலும், வங்கியின் பெயர் ஆர்.சி.யில் அப்படியே இருக்கலாம். படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் கொடுத்து அதை நீக்க வேண்டும்.
* உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்பை 30 நாளுக்குள் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. 'அப்பா பேர்லயே இருக்கட்டும்' என்று பல ஆண்டுகள் விட்டுவிட்ட குடும்பங்கள், காரைத் தொடும் முன் வாரிசுச் சான்றிதழைத் தேடி எடுக்க வேண்டும்.

இதில் ஏதாவது ஒன்று சரிசெய்யவே முடியாத நிலையில் இருந்தால், எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் அந்தக் கார் கேட்டைத் தாண்டாது.

தகரம்: பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

'ஸ்டார்ட் ஆகுதுங்களா?' என்பதுதான் பழைய காரைப் பார்க்கும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. 'அடித்தட்டு எப்படி இருக்குதுங்க?' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மாருதி 800-இல் தனியாக இரும்புச் சட்டம் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றே. அடித்தட்டு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, முன்பக்க சஸ்பென்ஷன் ஏறி உட்காரும் இடம் ஆகியவைதான் காரின் எலும்புகள். இவை துருவில் கரைந்திருந்தால், என்ஜின் நன்றாக ஓடினாலும் கார் பாதுகாப்பானது அல்ல.

சோதிப்பது எளிது. கார்பெட்டைத் தூக்கி, ஈரம் படிந்த இடங்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் தகரம். மொத்தென்று கேட்டால், அல்லது முனை உள்ளே இறங்கினால் துரு. கதவின் அடிப்பகுதி, பின்சக்கர வளைவு, பேட்டரித் தட்டு, கண்ணாடி ரப்பரின் ஓரம் ஆகியவை வழக்கமாக முதலில் போகும் இடங்கள். ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டினால் இன்னொன்றும் தெரியும். காந்தம் பிடிக்காத இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பட்டி இருக்கிறது.

மேல்துருவை உப்புத்தாளில் தேய்த்து, துருமாற்றி பூசி, எபாக்ஸி பிரைமர் அடிப்பதை வீட்டில் செய்யலாம். ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது டிங்கர் வேலை. பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் வெல்டிங் மெஷினை அருகில் கொண்டுவரவே கூடாது. சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் தேய்ப்பதும், பட்டி போடுவதும், வெல்டிங் வைப்பதும் வேண்டாம். எண் அழிந்தால் காரின் அடையாளமே அழிந்த மாதிரி.

கடைசிப் பெயின்ட் கோட்டிங்கையும் பெயின்ட் பூத் உள்ள இடத்தில் விடுவதே நல்லது. இப்போது பயன்படும் இருகூறு பாலியூரித்தேன் பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரை போகலாம். முகத்தில் கைக்குட்டை கட்டுவது இதற்குப் பாதுகாப்பு ஆகாது.

என்ஜின்: சாவியைத் திருப்பும் முன்...

பல ஆண்டுகளாக நின்ற காரில் புது பேட்டரியை வைத்து உடனே சாவியைத் திருப்புவதுதான் பெரிய தவறு. சிலிண்டர் சுவரில் எண்ணெய் வற்றியிருக்கும். ரிங்குகள் ஒட்டியிருக்கும்.

சரியான வரிசை இது. பழைய பெட்ரோலை முழுவதும் வடிக்க வேண்டும். மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் அப்படியே விட வேண்டும். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். சுற்றினால் பாதி வெற்றி. அடுத்து என்ஜின் ஆயில், ஃபில்டர், டைமிங் பெல்ட் ஆகியவற்றை மாற்ற வேண்டும். இந்த என்ஜினின் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. ஓடாமல் நின்றாலும் வயது ஆகும். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், உடனே மாற்றுவதுதான் ஒரே பதில். அதன் பிறகே பிளக் இல்லாமல் சில விநாடிகள் செல்ஃப் அடித்து ஆயிலை மேலே ஏற்றி, கடைசியாக ஸ்டார்ட் செய்ய வேண்டும். கதவு மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது, பிளக், வயர், எர்த் இணைப்புகளைத் தேய்த்துப் பூட்டுவது, ஃபியூஸ் பெட்டியைச் சீராக்குவது எல்லாம் வீட்டு வேலைகள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் முன்னும் பின்னும் செல்போனில் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். பாதியில் நின்றுபோகும் பல முயற்சிகள், 'இந்த போல்ட் எங்க இருந்துது?' என்ற கேள்வியில்தான் நிற்கின்றன.

ரீபோர், ஹெட் ஃபேசிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் லேத் வேலை. கோவையும் திருப்பூரும் இயந்திரப் பட்டறைகளுக்குப் பெயர்போன பகுதி என்பதால் இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றிவிட்டு, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டிய பிறகே ஓட்ட வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் அந்தத் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்க்க வேண்டும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

காருக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. இரண்டு பக்கமும் ஸ்டாண்டு அவசியம்.

திருப்பூர் தண்ணீரும் பஞ்சும்

இந்த ஊரில் காரைப் புதுப்பிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர். சாயமேற்றுவதற்கு உப்பு வேண்டும். அந்தக் கழிவு நொய்யலிலும் நிலத்தடியிலும் கலந்ததால்தான் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்பு படியும், வழி அடைபடும், என்ஜின் சூடாகும். மாருதி 800-இன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை கடுமையாகச் சூடானாலே வளைந்துவிடலாம். வாலைவடி நீரில் கலந்த கூலன்ட் மட்டுமே ஊற்ற வேண்டும். காரைக் கழுவிய பிறகும் கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, கதவுகளைத் திறந்து காய விட்டால் துரு தள்ளிப்போகும்.

அடுத்தது பஞ்சு. நிட்டிங் யூனிட் ஷெட்டில் வருடக்கணக்கில் நின்ற காரின் ரேடியேட்டர் இடுக்குகளிலும் ஏர் ஃபில்டரிலும் மெல்லிய பஞ்சு அப்பியிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தூசு மாதிரிதான் தெரியும். காற்றே போகாது. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஊர் கொடுக்கும் உதவியும் உண்டு. ஒர்க்‌ஷாப்புகளில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் இங்கே வீட்டு வாசலிலேயே கிடைக்கும். பாலிஷ் போட மென்மையான காட்டன் பனியன் துணி நல்லது. அதில் பட்டனோ, ஜிப்போ, தடித்த தையலோ இருந்தால் பெயின்ட்டில் கீறல் விழும். ஆனால், என்ஜினின் உட்பகுதியையும் கார்புரேட்டரையும் துடைக்க கட்டிங் வேஸ்ட் வேண்டாம். ஓரத்தில் உதிரும் ஒரு நூல்கூட ஜெட்டை அடைத்துவிடும்.

'துணி நம்ம ஊர்லயே இருக்குதே, சீட்டும் நாமளே தைச்சுக்கலாம்' என்ற எண்ணம் வருவது இயல்பு. சிங்கிள் ஜெர்சி காட்டன் சீட்டுக்கு ஆகாது. சில மாதங்களிலேயே தொய்ந்துவிடும். காரின் சீட்டுக்கும் கூரைக்கும் பயன்படுவது பெரும்பாலும் ஃபோம் ஒட்டிய பாலியஸ்டர் துணி அல்லது ரெக்சின். எளிதில் தீப்பற்றாத ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

20 சதவீத எத்தனால்: பழைய ரப்பருக்குச் சோதனை

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் அதற்கேற்ற பாகங்களோடு வந்தவை. 1990-களின் கார் அப்படி அல்ல. பழைய ரப்பர் குழாய்கள், கேஸ்கட்டுகள், கார்புரேட்டரின் டயஃப்ரம் ஆகியவை ஊறிப்போகலாம், கெட்டிப்பட்டு வெடிக்கலாம். எரிபொருள் கசிந்தால் தீ அபாயம். ஆகவே, புதுப்பிக்கும்போது எரிபொருள் செல்லும் எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், எப்போதாவது மட்டும் எடுக்கும் காரின் இரும்பு டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. வாரம் ஒருமுறையாவது ஓட்டுவதும், மாதக்கணக்கில் நிறுத்தும் முன் பெட்ரோலை வடித்துவிடுவதும் நல்லது.

மாடிஃபை செய்யலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

புதுப்பித்தல் என்பது கார் எப்படி வந்ததோ அப்படியே திருப்புவது. மாடிஃபிகேஷன் என்பது அதை வேறொன்றாக்குவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மீறினால், 182ஏ(4) பிரிவின்கீழ் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நடைமுறையில் இதன் பொருள்:

* பிரச்சினை இல்லாதவை: சீட் கவர், மியூசிக் சிஸ்டம், கூடுதல் சீட் பெல்ட், தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே டயர் (1986-க்குப் பிந்தைய வடிவத்துக்கு 145/70 ஆர்12).
* அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் தேவை: நிறம் மாற்றம், என்ஜின் மாற்றம், எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. கிட், எலெக்ட்ரிக் கிட். கிட் எதுவானாலும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும்.
* கூடவே கூடாதவை: கூரையை வெட்டி ஓப்பன் காராக்குவது, சத்தம் கூட்டிய சைலன்சர், பல ஒலி ஹார்ன், கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் (2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு), இரும்பு புல் பார் (2017-இல் மத்திய அரசு தடுத்தது).

ஜென் அல்லது ஆல்டோவின் பெரிய என்ஜினை 800-க்குள் வைப்பது பிரியர்களிடையே பழைய ஆசை. உள்ளே பொருந்தும் என்பதால் மட்டுமே அது சரியாகிவிடாது. இந்தக் காரின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் 40 குதிரைத்திறனுக்கும் குறைவான என்ஜினுக்காக வடிவமைக்கப்பட்டவை. விபத்து நடந்தால், பதியாத என்ஜின் மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம்.

வேகம் வேண்டுமா? கோவை காட்டிய வழி

800-இன் என்ஜினை வைத்து வேறொரு வண்டி செய்யும் கனவை, முறையான இடத்தில் நனவாக்கியவர் கோவையில் இருந்தார். எஸ்.கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி 800-இன் என்ஜினைக் கொண்டு, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் பந்தயம் ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். 1995-இல் மறைந்த கரிவரதனின் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

அந்தக் கார்கள் ஓடியது பந்தயத் தடத்தில். எதிரில் லாரி வராது, ஓட்டுநருக்கு ஹெல்மெட்டும் கூண்டும் இருக்கும். ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாத, சுமார் 650 கிலோ எடையுள்ள ஒரு காரை வேகமாக்கிச் சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில் விடுவது வேறு கதை.

பழைய கார்களை மூல வடிவிலேயே பேணுவது எப்படி இருக்கும் என்று பார்க்க, அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வரலாம். திருப்பூரிலிருந்து ஒரு மணிநேரத் தொலைவுதான்.

'வின்டேஜ்' பதிவு கிடைக்குமா?

இப்போதைக்குக் கிடைக்காது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பேணப்படும் வாகனங்களுக்கே 'வி.ஏ.' வரிசை எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது.

முதல் மாருதி 800-க்கே 2033 டிசம்பரில்தான் 50 வயது. 1990-இல் வாங்கிய காருக்கு 2040 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சாதாரணப் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை விடாமல் புதுப்பித்து வருவதும், காரின் மூல வடிவத்தைக் கெடுக்காமல் இருப்பதும்தான் வழி. இன்று கூரையை வெட்டினால், நாளை அந்த எண்ணும் கிடைக்காது.

எந்த வரிசையில் செய்வது?

1. ஆர்.சி., காப்பீடு, பெயர் மாற்றம், வங்கிக் கடன் நீக்கம் ஆகியவற்றைச் சரிபார்ப்பது.
2. அடித்தட்டு சோதனை. எலும்புப் பகுதிகள் போயிருந்தால், டிங்கரிடம் செலவு கேட்ட பிறகே தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது.
3. பிரேக், ஸ்டீயரிங், டயர், எரிபொருள் குழாய்கள்.
4. என்ஜின், கூலிங், வயரிங்.
5. ஆர்.டி.ஓ. ஆய்வும் பதிவுப் புதுப்பிப்பும்.
6. பெயின்ட், சீட், மியூசிக் சிஸ்டம்.

பெயின்ட் ஏன் கடைசியில்? பளபளப்பு வந்த பிறகு 'போதும், இனி ஓட்டலாம்' என்ற அவசரம் வந்துவிடும். அதோடு, ஆய்வில் ஏதாவது குறை சொன்னால் புதுப் பெயின்ட்டைச் சுரண்டி வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

வாரத்துக்கு ஒரு ஞாயிறு மட்டுமே கிடைக்கும் ஊரில் இந்த வேலை மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் முழு வண்டியையும் ஒரே நாளில் பிரித்துப் போட வேண்டாம். ஒரு பகுதியைக் கழற்றி, முடித்து, பூட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பிரித்த நிலையில் கிடக்கும் கார், துருவைவிட வேகமாக உற்சாகத்தைத் தின்றுவிடும்.